ரைஃபிள் தோட்டாவுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் ஆரம்ப அளவை முடிவு செய்வதும்: முழுமையான வழிகாட்டி

தோட்டாவைத் தானே நிரப்பத் தொடங்குகிறவர் முதலில் கேட்பது "எத்தனை கிரெய்ன் போடலாம்?" என்பதைத்தான்; கிரெய்ன் என்பது வெடிமருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறிய எடை அலகு. அந்தக் கேள்விக்கு இந்தக் கட்டுரையில் பதில் கிடைக்காது. எந்தக் காலிபருக்கும் எந்த மருந்துக்கும் நான் இங்கே அளவு தரப்போவதில்லை. மருந்து தயாரிப்பாளரோ குண்டு தயாரிப்பாளரோ அழுத்தமானி பொருத்திய சோதனைத் துப்பாக்கிக் குழலில் சுட்டுப் பார்த்து வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே அந்த எண்ணை எடுக்க வேண்டும். நண்பர் சொன்னது, இணையத்தில் யாரோ எழுதியது, பழைய டப்பாவில் பென்சிலால் கிறுக்கியிருப்பது எதுவும் அதற்கு ஈடாகாது. நான் சொல்லப்போவது அந்த அட்டவணையை எப்படிப் படிப்பது, பல மருந்துகளில் எதை எடுப்பது, எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது என்பவைதான்.

கூட்டை (மருந்தும் குண்டும் அடங்கும் பித்தளை உறை) சுத்தம் செய்வது, சைஸிங் டையில் (கூட்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அழுத்துவது, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்துவது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா, உரிமம் தேவையா என்பதையும் நீங்கள் முன்கூட்டியே உறுதி செய்திருக்க வேண்டும். பல நாடுகளில் உரிமமில்லாமல் மருந்தை வாங்குவதே குற்றம்.

மருந்து எப்படி எரிகிறது

இன்று ரைஃபிளில் பயன்படுவது புகையில்லா மருந்து. 1884-இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய மருந்திலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது மட்டும் இருந்தால் ஒற்றை அடி மருந்து, நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் இரட்டை அடி மருந்து. இரட்டை அடி மருந்தில் அதே எடைக்குக் கூடுதல் ஆற்றல் அடங்கியிருக்கும்.

திறந்த வெளியில் பற்றவைத்தால் இது மஞ்சள் தீயாக வேகமாக எரியும், வெடிக்காது. கூட்டுக்குள் அடைபட்டால் நிலைமை மாறும். அழுத்தம் கூடினால் எரியும் வேகம் கூடும், எரியும் வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் கூடும். இந்தச் சுழலை முறிப்பது குண்டின் நகர்வு ஒன்றுதான். குண்டு முன்னே நகர நகர வாயுவுக்கு இடம் கிடைக்கிறது. மருந்து வாயுவை உண்டாக்கும் வேகமும் குண்டு இடம் விடும் வேகமும் ஒத்துப்போனால் தோட்டா பாதுகாப்பானது. வாயு முந்திக்கொண்டால் அழுத்தம் உச்சத்தைத் தாண்டும்.

ஆகவே மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் விளைவும் கொஞ்சம்தான் கூடும் என்று எண்ணக் கூடாது. வழக்கமான அளவுகளுக்குள் மருந்தின் எடை ஒரு சதவீதம் ஏறினால் வேகம் ஏறத்தாழ ஒரு சதவீதம் ஏறும், அழுத்தமோ அதைப் போல இரண்டு மடங்காவது ஏறும். உச்சத்தை நெருங்க நெருங்க இந்த இடைவெளி இன்னும் விரியும். கடைசி அரை கிரெய்னில் கிடைக்கும் வேகம் சொற்பம், அதற்குத் தரும் விலையோ பெரிது.

மருந்துத் துகள் மூன்று வடிவங்களில் வருகிறது. குச்சி மருந்து என்பது சிறு உருளைகள், பெரும்பாலும் நடுவில் ஒரு துளையோடு இருக்கும். வெளிப்பரப்பு எரிந்து குறையும்போது உள்துளையின் பரப்பு அகலுவதால் மொத்தப் பரப்பு அதிகம் மாறாமல் சீராக எரியும். உருண்டை மருந்தில் அந்த வசதி இல்லை. உருண்டை எரிய எரியப் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மேலே பூசிய மட்டுப்படுத்தும் வேதிப்பொருள். செதில் மருந்து பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்கும் ஷாட்கன்னுக்கும் உரியது. அதை உங்கள் ரைஃபிள் மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

முதல் படி: குண்டை முடிவு செய்யுங்கள், மருந்து பிறகு

பலர் கையில் கிடைத்த மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற குண்டைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எதற்காகச் சுடப்போகிறீர்கள், எந்தத் தூரத்தில், உங்கள் குழலின் முறுக்கு (உள்ளே வரிப்பள்ளங்கள் சுழன்று செல்லும் வேகம்) எந்த எடைக் குண்டை நிலைநிறுத்தும் என்று பார்த்துக் குண்டை முதலில் குறியுங்கள். எடை மட்டும் போதாது, தயாரிப்பாளரின் பெயரும் மாதிரியும் வேண்டும்.

ஒரே 150 கிரெய்ன் எடையில் ஈயக் கருவும் செம்பு உறையும் கொண்ட குண்டும் உண்டு, முழுக்கச் செம்பால் கடைந்த குண்டும் உண்டு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகி, கூட்டுக்குள் அதிகம் இறங்கி, மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும். குழலின் வரிப்பள்ளங்கள் அதில் பதிவதும் கடினம். இரண்டு காரணங்களும் அழுத்தத்தைக் கூட்டுவன. ஈயக் கருக் குண்டுக்கான உச்ச அளவை அப்படியே செம்புக் குண்டுக்குப் போடுவது ஆபத்து.

இரண்டாம் படி: துப்பாக்கியின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு தோட்டாவுக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் உண்டு. அமெரிக்காவில் எஸ்ஏஏஎம்ஐ அமைப்பும் ஐரோப்பாவில் சிஐபி அமைப்பும் இதை நிர்ணயிக்கின்றன. எஸ்ஏஏஎம்ஐ கணக்கில் .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகைக்கு 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு), .30-06-க்கு 60,000, .308 வின்செஸ்டருக்கு 62,000, .270 வின்செஸ்டருக்கு 65,000. பழைய .30-30-க்கு 42,000 மட்டுமே, .45-70-க்கு அதையும்விடக் குறைவாக 28,000.

இந்த எண்களை நீங்கள் வீட்டில் அளக்க முடியாது. ஆனால் உங்கள் துப்பாக்கி இந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். .45-70-க்குச் சில கையேடுகள் மூன்று தனித்தனி அட்டவணை தருகின்றன: பழைய டிராப்டோர் துப்பாக்கிக்கு ஒன்று, லீவர் துப்பாக்கிக்கு ஒன்று, பலமான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. மூன்றாவது அட்டவணையின் அளவை முதல் வகைத் துப்பாக்கியில் போட்டால் துப்பாக்கி சிதறக்கூடும்.

பழைய கையேடுகளில் சியுபி என்ற அலகு இருக்கும். செம்புத் துண்டு நசுங்கும் அளவைக் கொண்டு கணித்த அழுத்தம் அது. சியுபி-யைப் பிஎஸ்ஐ-யாக மாற்ற எல்லாத் தோட்டாவுக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. .308-க்கு 52,000 சியுபி என்றும் 62,000 பிஎஸ்ஐ என்றும் பார்த்தால் இரண்டும் ஒரே எல்லையைத்தான் குறிக்கின்றன. இதை அறியாமல் "இன்னும் பத்தாயிரம் இடம் இருக்கிறது" என்று எண்ணிவிடக் கூடாது.

வாயுவால் இயங்கும் துப்பாக்கிக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு. எம்1 கேரண்ட் ரைஃபிள் ஐஎம்ஆர் 4895, ஐஎம்ஆர் 4064 போன்ற நடுத்தர வேக மருந்துகளுக்கு ஏற்ப அமைந்தது. அதைவிட மெதுவான மருந்தைப் போட்டால் சேம்பரின் (தோட்டா அமரும் அறை) உச்ச அழுத்தம் எல்லைக்குள் இருந்தாலும், வாயுத் துளைக்கு வந்து சேரும் அழுத்தம் மிகுந்து இயக்குக் கம்பி வளையக்கூடும். கேரண்டுக்கென்றே தனி அட்டவணை இருப்பது இதனால்தான்.

மூன்றாம் படி: மருந்தைத் தேர்ந்தெடுப்பது

அடிப்படை விதி எளியது. கூடு சிறிதாகவும் குழலின் துளை அகலமாகவும் இருந்தால் வேகமான மருந்து. கூடு பெரிதாகவும் துளை குறுகலாகவும் இருந்தால் மெதுவான மருந்து. ஒரே தோட்டாவில் குண்டின் எடை கூடினால் இன்னும் மெதுவான மருந்தின் பக்கம் நகர வேண்டும்.

.223-க்கு எச்335, பெஞ்ச்மார்க், வார்கெட் போன்றவை வழக்கம். .308-க்கு ஐஎம்ஆர் 4064, 4895, வார்கெட், ரீலோடர் 15, என்140 என்று ஒரு கூட்டமே உண்டு. .30-06-இல் கனமான குண்டுக்கும் 6.5 கிரீட்மூருக்கும் 4350 வகை. 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய கூடுகளுக்கு எச்4831, எச்1000, ரீலோடர் 22. இந்தப் பெயர்கள் திசை காட்டுவதற்கு மட்டும். உங்கள் குண்டுக்கான அட்டவணையில் அந்த மருந்து இருந்தால்தான் அது உங்களுக்கான மருந்து.

எரிவேகப் பட்டியல் ஒன்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும், வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசையாக. அது மருந்துகளை அறிமுகப்படுத்தும் பட்டியல், அவ்வளவே. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மருந்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அது சொல்லாது. கூடும் அழுத்தமும் மாறினால் வரிசையே மாறவும் செய்யும். "பட்டியலில் பக்கத்தில்தானே இருக்கிறது" என்று ஒரு மருந்தின் அளவை இன்னொன்றுக்குப் போடுவது இந்தக் கலையில் செய்யக்கூடிய மோசமான தவறுகளில் ஒன்று.

அட்டவணையில் உங்கள் குண்டுக்கு ஏழெட்டு மருந்துகள் இருக்கும். எதை எடுப்பது? நான் முதலில் பார்ப்பது கூடு எவ்வளவு நிரம்புகிறது என்பதை. ஏறத்தாழ 85 முதல் 100 சதவீதம் வரை நிரப்பும் மருந்தையே விரும்புவேன். இதில் இரண்டு நன்மை. மருந்து கூட்டுக்குள் அங்குமிங்கும் சரியாமல் பிரைமரின் அருகிலேயே இருப்பதால் ஒவ்வொரு சூடும் ஒரே மாதிரி பற்றும். இரண்டாவதுதான் முக்கியம்: தவறி இரண்டு முறை ஊற்றினால் மருந்து கழுத்தைத் தாண்டி மேசையில் கொட்டும், தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கூட்டில் பாதி கூட நிரப்பாத மருந்து இந்த எச்சரிக்கையைத் தராது. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த ஒரு காரணத்துக்காகவே பருமனான மருந்தை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வெப்பம். குளிர்காலக் காலையில் சரியாக இருந்த தோட்டா, கொளுத்தும் வெயிலில் காருக்குள் கிடந்த பின் எல்லையைத் தாண்டக்கூடும். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசை போல வெப்பத்தால் அதிகம் மாறாதபடி உருவாக்கப்பட்ட மருந்துகள் உண்டு. பொதுவாக உருண்டை மருந்துகள் வெப்பத்துக்கு அதிகம் மாறும், விதிவிலக்குகளும் இருக்கின்றன. கோடையிலும் குளிரிலும் ஒரே தோட்டாவைச் சுடுகிறவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

அளவைக் கருவியில் எப்படி ஓடும் என்பது கடைசிக் கவலை. உருண்டை மருந்து தண்ணீராக ஓடும். நீளக் குச்சி மருந்து வாயில் சிக்கிக்கொண்டு ஒரு கூட்டுக்குக் குறைவாகவும் அடுத்ததற்கு அதிகமாகவும் விழும். எச்4831எஸ்சி போல குச்சியைக் குட்டையாக வெட்டிய வகைகள் இதற்காகவே வந்தன. எப்படியும் ஆரம்ப நிலையில் ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுக்கத்தான் போகிறீர்கள், ஆகவே இதற்காக நல்ல மருந்தை ஒதுக்க வேண்டாம்.

பெயரில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஐஎம்ஆர் 4831-உம் எச்4831-உம் ஒரே மருந்து அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய ராணுவ மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி விற்றபோது 4831 என்ற எண் பிரபலமானது. பின்னாளில் அதே எண்ணில் ஐஎம்ஆர் மருந்தும் வந்தது. ஐஎம்ஆர் 4831 இரண்டில் வேகமானது. எச்4831-க்கான உச்ச அளவை ஐஎம்ஆர் 4831-இல் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். 4350, 4895 ஆகிய எண்களிலும் இப்படியே இரட்டைகள் உண்டு. டப்பாவின் முன்னெழுத்தை வாய்விட்டுப் படித்து, அட்டவணையின் முன்னெழுத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து வேறுபட்டாலும் அது வேறு மருந்து.

நான்காம் படி: அட்டவணையைப் படிப்பது

கையேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் சோதனைக்குப் பயன்படுத்திய பொருள்களின் விவரம் இருக்கும்: கூட்டின் தயாரிப்பு, பிரைமர், குழலின் நீளம், கூட்டை வெட்டிய நீளம், தோட்டாவின் முழு நீளம். பெரும்பாலானோர் இதைத் தாண்டி நேராக எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பதே இந்த விவரம்தான்.

கூடு மாறினால் உட்கொள்ளளவு மாறும். ராணுவ 7.62 நேட்டோ கூடுகள் பல, வணிக .308 கூட்டைவிடச் சுவர் தடித்தவை. உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் அதிகம். பிரைமரைச் சாதாரணத்திலிருந்து மேக்னத்துக்கு மாற்றினாலும் அழுத்தம் ஏறக்கூடும். கூட்டின் கழுத்து நீண்டுவிட்டால் சேம்பரின் முனை அதை நெரித்துக் குண்டை விடாமல் பிடிக்கும். .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டிய நீளம் 2.005 அங்குலம். இந்த நூறில் ஒரு பங்கு அங்குலத்தைக் காலிப்பரில் அளக்காமல் மருந்தை மட்டும் பத்தில் ஒரு கிரெய்ன் துல்லியத்தில் நிறுப்பதில் பயனில்லை.

குண்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் அப்படியே. ரைஃபிளில் குண்டு வரிப்பள்ளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் அழுத்தம் சட்டென ஏறும், ஓடிவந்து மோதும் வேகம் அதற்குக் கிடைக்காததால். கையேட்டின் முழு நீளத்திலேயே தொடங்குங்கள். வரிப்பள்ளத்துக்கு அருகே கொண்டுபோய்த் துல்லியம் தேடும் முயற்சியெல்லாம் மருந்தளவு முடிவான பிறகு, அதையும் அளவைக் குறைத்துக்கொண்டு செய்ய வேண்டியது.

இரண்டு கையேடுகளை ஒப்பிட்டால் ஒரே மருந்துக்கும் ஒரே எடைக் குண்டுக்கும் உச்ச அளவு வேறுவேறாக இருக்கும். இதைக் கண்டு எதையும் நம்ப முடியாது என்று சோர்வடையாதீர்கள். வேறு குழல், வேறு குண்டு, வேறு தொகுதி மருந்து என்றால் முடிவும் மாறத்தானே செய்யும்! உங்கள் துப்பாக்கியும் அதேபோல இன்னொரு குழல்தான். இரண்டு கையேடுகளில் குறைவான அளவையே உங்கள் எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஆரம்ப அளவு

அட்டவணையில் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டும் இருந்தால் ஆரம்ப அளவிலேயே தொடங்குங்கள். நடுவில் தொடங்கலாமே என்ற எண்ணம் வரும். வேண்டாம். உங்கள் சேம்பர் இறுக்கமானதா, குழல் நெருக்கமானதா என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே ஆரம்ப அளவு இருக்கிறது.

உச்ச அளவு மட்டும் இருந்தால், பொதுவாக அதில் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். கணக்குக்காக மட்டும் சொல்கிறேன்: உச்சம் 50.0 கிரெய்ன் என்றிருந்தால் தொடக்கம் 45.0 கிரெய்ன். ஆனால் அந்தத் தயாரிப்பாளர் வேறு விதி சொல்லியிருந்தால் அவர் விதிக்கே முதலிடம். எச்110 போன்ற சில உருண்டை மருந்துகளை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும்.

குறைத்தால் எப்போதும் பாதுகாப்புதான் என்பது தவறான நம்பிக்கை. பெரிய கூட்டில் மெதுவான மருந்தை மிகக் குறைவாகப் போட்டபோது துப்பாக்கிகள் உடைந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. சரிவரப் பற்றாத மருந்தின் முதல் அழுத்தம் குண்டைச் சற்றே நகர்த்தி வரிப்பள்ளத்தில் நிறுத்திவிட, மீதி மருந்து அடைபட்ட குழலுக்குள் எரிவதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அட்டவணையின் கீழ் எல்லையும் எல்லைதான்.

மெல்லிய உதைப்புள்ள தோட்டா வேண்டும் என்றால் அதற்கென்று சோதிக்கப்பட்ட மருந்தை எடுங்கள். எச்4895-ஐ அதன் உச்ச அளவில் 60 சதவீதமாக இருக்கும் அளவுக்குக் குறைக்கலாம் (அதற்கும் கீழே அல்ல) என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. இந்த அனுமதி அந்த ஒரு மருந்துக்கு, அவர்கள் அட்டவணையில் உள்ள தோட்டாவுக்கு. இதை வேறு மருந்துக்கு நீட்டாதீர்கள்.

ஆறாம் படி: மேசை

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். மற்றவை அலமாரியில், மூடிய கதவுக்குப் பின்னால். அளவைக் கருவியின் கோப்பையில் மருந்தை ஊற்றும் முன் அதன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கோப்பையில் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் மீதியை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டி, தாளையும் கிழித்துவிடுங்கள். கோப்பையில் இருப்பது எந்த மருந்து என்று ஒரு நொடி சந்தேகம் வந்தாலும் அந்த மருந்து போகட்டும், அதைத் துப்பாக்கியில் பயன்படுத்தக் கூடாது. பார்த்தோ முகர்ந்தோ இரண்டு கருநிற மருந்துகளை யாராலும் பிரித்தறிய முடியாது.

தராசு கிரெய்னில் இருக்கிறதா, கிராமில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு கிராம் 15 கிரெய்னுக்கும் மேல். மின்னணுத் தராசை முன்னதாகவே போட்டு வைத்து நிலைபெற விடுங்கள், மின்விசிறிக் காற்று அதைத் தொடக் கூடாது. சோதனை எடைக்கல் வைத்துத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சரிபாருங்கள். நீங்கள் போடப்போகும் அளவுக்கு அருகில் உள்ள எடைக்கல்லே தேவை. பெரிய எடையில் சரியாகக் காட்டும் தராசு சிறிய எடையில் விலகியிருக்கலாம்.

மருந்து ஊற்றிய கூடுகளைத் துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் கழுத்துக்குள்ளும் குனிந்து பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஒன்றில் இருள் ஆழமாக இருந்தால், அல்லது மட்டம் மேலே எட்டியிருந்தால், அந்தக் கூட்டைக் கொட்டி மறுபடி நிறுங்கள். இந்தப் பார்வைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நடுவில் யாராவது கூப்பிட்டாலோ தொலைபேசி அடித்தாலோ, திரும்பி வந்ததும் கையிலிருந்த கூட்டிலிருந்து தொடராதீர்கள். அதைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஏழாம் படி: ஏணி போல ஏறுவது

ஆரம்ப அளவில் மூன்றோ ஐந்தோ தோட்டா, அடுத்த படியில் அத்தனையே, அதற்கடுத்ததில் அத்தனையே என்று நிரப்புங்கள். படியின் உயரம் கூட்டைப் பொறுத்தது. மொத்த அளவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், .223 போன்ற சிறிய கூட்டுக்கு 0.2 அல்லது 0.3 கிரெய்ன், .308-க்கு 0.3 முதல் 0.5 கிரெய்ன். ஒவ்வொரு படிக்கான தோட்டாக்களையும் தனிப் பையில் போட்டு அளவை எழுதுங்கள். கீழ்ப்படியிலிருந்து மேலே சுடுங்கள், வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

இங்கே நான் கட்டாயம் என்று சொல்லும் கருவி, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். பித்தளைக் கூட்டில் அதிக அழுத்தத்தின் அடையாளம் தெரிவதற்கு வெகு முன்னாலேயே வேகம் உண்மையைச் சொல்லிவிடும். காரணம் நேரடியானது: அதே மருந்து, அதே குண்டு, ஏறத்தாழ அதே நீளக் குழல் இருக்கும்போது கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தம் இல்லாமல் வராது.

ஆகவே விதி இது. கையேட்டின் உச்ச அளவுக்குக் கொடுக்கப்பட்ட வேகத்தை உங்கள் துப்பாக்கி எந்தப் படியில் எட்டுகிறதோ அதுவே உங்கள் உச்சம். கையேட்டின் உச்ச அளவுக்கு இன்னும் ஒரு கிரெய்ன் மிச்சம் இருந்தாலும் சரி. உதாரணமாக, 24 அங்குலக் குழலில் உச்ச வேகம் விநாடிக்கு 2,800 அடி என்று கையேடு சொல்கிறது, உங்கள் குழல் 22 அங்குலம் என்று கொள்வோம். .308 போன்ற தோட்டாவில் ஒரு அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 20 முதல் 30 அடி வேகம் குறையும். அப்படியானால் 2,750 அடியை ஒட்டியே உங்கள் எல்லை. அட்டவணையின் நடுவிலேயே 2,790 வந்துவிட்டால் அந்த நாளுக்கு அங்கேயே நிறுத்துங்கள். மேல் படிகளுக்கான தோட்டாக்களைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குண்டைக் கழற்றிவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. உச்ச அளவைத் தொட்டும் கையேட்டின் வேகம் வரவில்லை என்றால், அந்த வேகம் வரும்வரை மருந்தைக் கூட்டாதீர்கள். சில குழல்கள் மெதுவானவை, அவ்வளவுதான். எடையோ வேகமோ, எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அங்கே நிற்க வேண்டும்.

படி ஏறும்போது வேகமும் சீராக ஏற வேண்டும். திடீரென ஒரு தாவல் தெரிந்தாலும், மருந்தைக் கூட்டியும் வேகம் ஏறாமல் நின்றாலும் சுடுவதை நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

எட்டாம் படி: பித்தளை சொல்லும் சேதி

ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் கூட்டை எடுத்து அடிப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளித்தள்ளும் முளையின் துளை கூட்டின் அடியில் அச்சாகப் பதிந்து, பிறை வடிவில் பளபளப்பாக மின்னினால் பித்தளை அந்தத் துளைக்குள் பிதுங்கியிருக்கிறது என்று பொருள். அதுவே போதுமான எச்சரிக்கை. சேம்பரை மூடும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கும்போது கைக்கு இறுக்கம் தெரிந்தாலும் அப்படியே. பிரைமர் துளைபட்டாலோ அதன் ஓரத்தில் புகைக்கறை படிந்தாலோ, அடுத்த முறை பிரைமர் பொருத்தும்போது குழி தளர்ந்திருந்தாலோ அந்த அளவு அதிகம்.

பிரைமர் தட்டையாவதும், பிரைமரில் சுடும் ஊசி பட்ட இடத்தைச் சுற்றி விளிம்பு எழுவதும் அவ்வளவு நம்பத்தக்க அடையாளங்கள் அல்ல. சில பிரைமர்களின் உலோகம் மென்மை, குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும். சில போல்ட்டுகளில் ஊசித் துளை பெரிது, ஆலைத் தோட்டாவிலும் விளிம்பு எழும். அதனால் முதல் நாளே அதே துப்பாக்கியில் ஆலைத் தோட்டா சிலவற்றைச் சுட்டு, அந்தக் கூடுகளை ஒப்பீட்டுக்குப் பத்திரப்படுத்துங்கள்.

அடையாளம் தெரியும்வரை ஏறிவிட்டு, பிறகு அரை கிரெய்ன் இறங்கினால் போதும் என்ற பழக்கம் பலரிடம் இருக்கிறது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நவீனப் போல்ட் ரைஃபிளில் பித்தளை அடையாளம் காட்டும்போது அழுத்தம் பெரும்பாலும் அனுமதித்த எல்லையை ஏற்கெனவே தாண்டியிருக்கும். .30-30, .45-70 போன்ற குறைந்த அழுத்தத் துப்பாக்கிகளில் நிலைமை இன்னும் மோசம்: பித்தளை தாங்கும், துப்பாக்கி தாங்காது. கூட்டில் ஒரு குறியும் இல்லாமலே எல்லை வெகுதூரம் பின்னால் போயிருக்கும். அடையாளம் இல்லாததைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகவோ உதைப்பு குறைவாகவோ தோன்றினால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சிக்கிய குண்டின் மேல் இன்னொரு குண்டு மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். ஊசி அடித்தும் தோட்டா வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருந்து பிறகு திறவுங்கள். இவை அனைத்தும் கண்ணாடியும் காதுக்கவசமும் அணிந்திருக்கும்போதுதான் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

ஒன்பதாம் படி: குறிப்பேடும் புதிய டப்பாவும்

தேதி, வெப்பநிலை, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், எடை, குண்டு, கூடு எத்தனையாவது முறை நிரப்பப்பட்டது, பிரைமர், முழு நீளம், வேகம் என எல்லாவற்றையும் எழுதுங்கள். தோட்டாப் பெட்டியின் மூடியிலும் சுருக்கமாக ஒட்டுங்கள். ஒட்டுத்தாள் இல்லாத தோட்டாவைச் சுடக் கூடாது, அது உங்கள் கையால் நிரப்பியதாகவே இருந்தாலும்.

மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பலமான இரும்புப் பெட்டியில் இறுக்கி அடைத்தால் தீ பிடித்தபோது அதுவே வெடிகுண்டாகும். அழுத்தம் வெளியேறும்படி இளகிக் கொடுப்பதற்காகவே மருந்து டப்பாக்கள் அப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. மூடியைத் திறந்தே போடாதீர்கள். உலர்ந்த காற்றில் ஈரப்பதம் இழந்த மருந்து வேகமாக எரியும், நேற்றைய அளவு இன்றைக்கு அதிகமாகிவிடும். திறந்தவுடன் அமில நெடி மூக்கில் ஏறினாலோ, செம்பழுப்புப் புகையோ துருப்பொடி போன்ற தூளோ தெரிந்தாலோ மருந்து சிதையத் தொடங்கிவிட்டது. அதைச் சேமித்து வைப்பதே ஆபத்து, தயாரிப்பாளர் சொல்லும் முறையில் உடனே அப்புறப்படுத்துங்கள்.

புதிய டப்பா திறக்கும்போது தொகுதி எண்ணைப் பாருங்கள். ஒரே பெயர் கொண்ட மருந்து என்றாலும் தொகுதிக்குத் தொகுதி எரிவேகம் சற்று மாறும். உச்சத்தை ஒட்டிய அளவில் சுட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு மூன்று படி இறங்கி, குரோனோகிராஃப் முன்னால் மறுபடி ஏறி வர வேண்டும். குண்டு, கூடு, பிரைமர் இவற்றில் எதை மாற்றினாலும் ஆரம்ப அளவுக்கே திரும்பி, முதல் படியிலிருந்து ஏறி வர வேண்டும். பழைய மருந்தின் மீதியைப் புதிய டப்பாவில் கொட்டிக் கலக்காதீர்கள். அதைத் தனியே முடித்துவிட்டு, குறிப்பேட்டில் புதிய பக்கம் தொடங்குங்கள்.